சீயான் மதில்மேல் இரட்டைச் சைக்கிள்

சீனாவின் பழைய தலைநகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் லேசில் நம்புவதில்லை. "அங்கை கோயில் கிடக்கோ ரீச்சர்?" என்று கேட்கிறார்கள். கோயில் கிடக்கிறது, கோபுரம் கிடக்கிறது, ஊரைச் சுற்றி மதில் கிடக்கிறது, மண்ணாலே செய்த ஒரு பட்டாளமே நிலத்துக்குள் கிடக்கிறது என்று நானும் அலுக்காமல் சொல்கிறேன். சொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயணம் எனக்காக என்று நினைத்துக்கொண்டு போனேன். அது எனக்காக இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என் கூடப்பிறந்த தங்கை. ஆத்திரம் அடங்கின பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். அது அடங்குகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் இலங்கையின் வடக்கே உடுவிலில் இருக்கிறேன். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டவில்லை. தங்கை கட்டினாள், புருசன் செத்த பிறகு என்னிடமே வந்துவிட்டாள். அவளுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஏடு தொடக்கிக் கையைப் பிடித்து எழுத வைத்தது நான். சைக்கிள் பழக்கியது நான், முழங்கால் உடைத்துக்கொண்டு வந்தபோது மருந்து கட்டியதும் நான். பெரியம்மா என்று கூப்பிட்டாலும் அவளுக்கு நான் இன்னொரு தாய்தான். வீட்டில் நானும் தங்கையும் ஒரு பூனையும். எங்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்பாதைப் பாடத்தை நான் எத்தனை வருசம் படிப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு சதுரம் கீறி, இதுதான் சாங்கான், இன்றைய பெயர் சீயான், இங்கேயிருந்துதான் ஒட்டகங்கள் பட்டு ஏற்றிக்கொண்டு மேற்கே போயின என்று தொடங்குவேன். சதுரம் கீறுகிற எனக்கு அந்த ஊரின் ஒரு கல்லைக்கூடத் தெரியாது. அது எனக்குப் பெரிய குறை. சாப்பாட்டு மேசையிலும் அதைச் சொல்லிச் சொல்லித் தங்கைக்குக் காது புளித்துவிட்டது. "திரும்பவும் சீனாவோ?" என்று எழும்பிப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்து, அந்தச் சீன ஊருக்குப் போவோமா என்று கேட்டாள். மகள் செலவைப் பார்க்கிறாளாம், மானிப்பாயில் ஒரு ஏஜென்சிக்காரன் ஆட்களைச் சேர்த்துக் கொண்டு போகிறானாம், கால் நடக்கிற காலத்திலேயே அக்கா அதைப் பார்த்துவிட வேண்டுமாம். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூக்குச் சிந்தச் சிந்த அழுதேன். எனக்கென்று ஒருத்தர் ஒன்றை நினைத்துச் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அவள் குனிந்து மிச்சத் தேங்காயைத் துருவினாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பயணம் என்றால் போய்ச் சேருகிறவரை மூச்சு விடமாட்டார்கள். நேற்றுப் பின்னேரம் வேலியடியில் நின்று கதைத்த பெடியன் இன்றைக்கு விடியக் காணாமல் போவான். கேட்டால் கொழும்புக்குப் போயிருக்கிறான், மாமி வீட்டில் நிற்கிறான் என்பார்கள். அங்கே போய் இறங்கி போன் வந்த பிறகுதான், "அவன் போய்ச் சேர்ந்திட்டான்" என்று தாய் வந்து சொல்லுவாள். சண்டைக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, வாய் தவறினால் உயிர் போகும். இப்போது ஆட்கள் பயப்படுவது கண்ணூறுக்கு. பொறாமைக் கண் பட்டால் விசா கிடைக்காது, விமானம் தவறும், ஏறின ஆளும் திரும்பி வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். நாங்களும் கதிர்காமம் போவதாகத்தான் அயலுக்குச் சொன்னோம். பக்கத்து வீட்டுப் பெண் கந்தனுக்கென்று கற்பூரம்கூடத் தந்துவிட்டாள். அது சீயான்வரைக்கும் என் கைப்பைக்குள் கிடந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குள் இருந்து சிரித்தோம்.

இனி ஊரைச் சொல்கிறேன். முதல் நாள் மண் பட்டாளம். நகரத்துக்கு வெளியே, மாதுளந் தோட்டங்கள் தாண்டிப் போகவேண்டும். தோட்டம் செய்கிற கமக்காரர் சிலர் கிணறு வெட்டப் போய் ஒரு மண் தலை வெளிப்பட்டதாம், அப்படித்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. முதலாவது குழிக்கு மேல் போட்ட கூரை பெரிய ஆலை ஒன்றைப் போல விரிந்திருக்கிறது. உள்ளே போய்க் கைபிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். வரிசை வரிசையாக ஆட்கள். ஒருவன் மூக்குப் போல இன்னொருவன் மூக்கு இல்லை. பிடித்திருந்த ஈட்டிகள் உக்கிப் போய்விட்டன, கைகள் மட்டும் எதையோ பிடித்தபடி நிற்கின்றன. நிலத்துக்குள் இருந்தபோது அவர்களுக்குச் சிவப்பும் பச்சையுமாக நிறம் இருந்ததாம், வெளிக்காற்றுப் பட்டதும் உரிந்து கொட்டிவிட்டதாம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு இளம் சீனப் பெண். இங்கிலீசில் சொல்லுவாள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது விளங்காது என்று அதைத் தமிழில் சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வகுப்பு, நானும் விடுவேனா? குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டு போனேன். தங்கை மட்டும் கேட்கவில்லை. என் கையில் போனைத் தந்து, தன்னைப் படம் எடுக்கச் சொன்னாள். பட்டாளம் பின்னால் தெரிய வேண்டும், முகம் நேரே தெரிய வேண்டும், வாசலில் பெயர்ப்பலகையோடும் ஒரு படம் வேண்டும். மகள் அனுப்பிய தடித்த குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றாள். அந்த ஊர்க் குளிருக்கு ஒரு சால்வை போதும். "நீயும் ஒருக்காக் குனிஞ்சு பாரன்" என்றேன். பார்த்தேன் பார்த்தேன் என்று அடுத்த இடத்துக்கு நடந்தாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எனக்காகத்தானே பாவம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று அதை விழுங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம் பழைய நகரத்துக்குள், மணிக் கோபுரத்துக்கும் முரசுக் கோபுரத்துக்கும் பின்னால் இருக்கிற முஸ்லிம் தெருவில் சாப்பாடு. அங்கே ஒரு வழக்கம். கட்டியான ரொட்டி ஒன்றையும் வெறும் கோப்பையையும் நம்மிடம் தந்துவிடுவார்கள். ரொட்டியை நாங்களே சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கோப்பையில் போட்டுக் கொடுத்தால்தான் ஆட்டிறைச்சிச் சூப்பை ஊற்றிக் கொண்டுவருவார்கள். தங்கை முரசுக் கோபுரத்தடியில் இன்னொருத்தியைக் கொண்டு படம் எடுக்கப் போயிருந்தாள். நானும் கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் எதிரெதிரே இருந்து ரொட்டி பிய்த்தோம். அவ மனதில் கள்ளம் இல்லாத மனுசி, கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டமாட்டா.

அவ முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னா. மகன் கனடாவில், அவனிடம் போகத்தான் இந்தப் பாடெல்லாம். வெறும் பாஸ்போட்டைக் கொண்டுபோய் நீட்டினால் விசா தரமாட்டார்களாம். நாலு நாடு பார்த்துவிட்டு ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பின ஆள் என்று தெரிந்தால்தான் நம்புவார்களாம். ஏஜென்சிக்காரன் அதற்காகத்தான் போன வருசம் மலேசியாவும் இந்த வருசம் சீனாவும் போட்டிருக்கிறானாம். படம் எடுத்து வைப்பதும் அதற்குத்தானாம், உண்மையாகவே ஊர் பார்க்கப் போனவர் என்று காட்ட. நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன். போன வருசம் தங்கையும் நானும் மலேசியாவுக்குப் போய்ப் பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அது புருசனுக்கு வைத்த நேர்த்தி என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

"உங்கடை தங்கச்சிக்கு இந்தமுறை கட்டாயம் விசா விழும் ரீச்சர். போனமுறை பாவம், வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். குறிப்புப் பாத்த சாத்திரியார் சொன்னவராம், வீட்டுக்குள்ளையே ஒரு கண் கிடக்கு, அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யுங்கோ எண்டு." அவ ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, உண்மையான அக்கறையோடு என்னைப் பார்த்தா. "வீட்டிலை வேறை ஆர் ரீச்சர் இருக்கினம்?"

"ஒரு பூனை இருக்கு" என்றேன்.

அவ சிரித்தா. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் சூப் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். அது என்ன ருசி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. போன வருசம் தலையிடி என்று சொல்லித் தங்கை இரண்டு நாள் பாயில் கிடந்தது ஞாபகம் வந்தது. மல்லி அவித்துக் கொடுத்தேன், நெற்றிக்குப் பற்றுப் போட்டேன், பக்கத்தில் இருந்து விசிறினேன். அது தலையிடி இல்லை, அந்த மறுப்புக் கடிதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் உப்பும் செத்தல்மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். எனக்கும் ஒருக்காச் சுற்றிவிடு என்று கேட்டபோது, உனக்குத் தேவையில்லை அக்கா என்றாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சுற்றியிருக்கிறாள், என் அடுப்பில், என் மிளகாயை எடுத்து.

மகளிடம் போவது பிழையா? அந்தப் பிள்ளை அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், தாய் பக்கத்தில் நிற்க வேண்டும்தான். போகாதே என்று நான் சொல்லியிருப்பேனா? பெட்டி அடுக்கிக் கொடுத்திருப்பேன். அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு ஞாயிறும் போனில் பெரியம்மா, பெரியம்மா என்று கொஞ்சிக் கதைத்தவள், ஒரு சொல் விடவில்லை. ஊரில் எல்லாரிடமிருந்தும் மறைக்கிறார்கள், சரி, அது எங்கள் பழக்கம். அந்த எல்லாரிலும் என்னையும் சேர்த்துவிட்டார்களே என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. வாய் திறந்து கேட்டால் அழுது சத்தியம் பண்ணி ஏதாவது சொல்லுவாள். கேட்டு வாங்கினால் அது சொன்னதாகாது. அவளாகச் சொல்ல வேண்டும், "அக்கா, நான் போகப் போறன்" என்று தன் வாயால் ஒரு தரம் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும். சொல்லுகிறாளா பார்ப்போம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

பின்னேரம் காட்டு வாத்துக் கோபுரத்துக்குப் போனோம். பெரிய செங்கல் கோபுரம், தட்டுத்தட்டாக மேலே போகப் போகச் சிறுக்கிறது. பழைய காலத்தில் பிக்கு ஒருவர் புத்தருடைய ஏடுகளைத் தேடி இந்தியாவுக்கு நடந்தே போனார், கொண்டுவந்த ஏடுகளை வைக்கக் கட்டியது இது. அவர் இலங்கைக்கும் வர நினைத்தாராம். காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர், இங்கே நாட்டில் குழப்பம், பஞ்சம் என்று கேள்விப்பட்டு அப்படியே திரும்பிவிட்டாராம். அதைத் தமிழில் சொன்னபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள், அப்பவுமா என்று. பிறகு வழிகாட்டி சொன்னாள், அந்தக் காலத்தில் அரசனுடைய அனுமதி இல்லாமல் ஒருவரும் எல்லை தாண்டக் கூடாது, அவர் ஒருவருக்கும் சொல்லாமல் களவாகத்தான் வெளிக்கிட்டவர் என்று. அதையும் சொன்னேன். அன்றைக்கு முழுக்கக் காது கொடுக்காத தங்கை அந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டாள்.

"பாத்தியே அக்கா, சொல்லாமல் போனபடியால்தான் அவர் போய்ச் சேர்ந்தவர்."

"அவர் திரும்பி வந்தவரடி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டதோ என்று ஒரு நொடி யோசித்தது எனக்கு விளங்கியது. அதோடு போனை என் கையில் தந்து, கோபுரம் முழுக்க விழுகிற மாதிரி எடு என்று பின்னால் பின்னால் நடந்து போய் நின்றாள். நான் எடுத்தேன். நல்ல வடிவாகவே எடுத்துக் கொடுத்தேன்.

கடைசி நாள் மதில். சீயான் நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி நாலு பக்கமும் அந்த மதில் இன்றைக்கும் முழுசாக நிற்கிறது. கரும்பலகையில் நான் கீறின சதுரம் அதுதான். அதற்கு வெளியே அகழி, அகழியோரம் முழுக்க வில்லோ மரங்கள், கொப்புகள் தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தொங்குகின்றன. மதிலில் ஏறுவதற்கு முதல் வழிகாட்டி அந்த மரத்தடியில் எங்களை நிற்பாட்டி ஒரு பழைய வழக்கத்தைச் சொன்னாள். இந்த ஊரிலிருந்து தூர தேசம் போகிறவரை ஒருவரும் தனியாக அனுப்புவதில்லையாம். நகரத்துக்குக் கிழக்கே ஆற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது, அதுவரைக்கும் சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாரும் கூடவே நடந்து போவார்களாம். பாலத்தடியில் ஒரு வில்லோக் கிளையை முறித்துப் போகிறவர் கையில் கொடுப்பார்களாம். அழுகிறவர்கள் அங்கே நின்று அழுவார்களாம். ஊருக்கே தெரியுமாம் யார் போகிறார்கள் என்று.

இதையும் நான்தான் தமிழில் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தங்கையைப் பார்த்துத்தான் சொன்னேன். போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்களாம் என்று, வழிகாட்டி சொல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்துவிட்டேன். கொடிகாமத்து அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. தங்கை குனிந்து தன் சப்பாத்தின் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதிலுக்கு மேலே இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். அங்கே வாடகைக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சைக்கிளைக் கண்டால் வேறென்ன வேண்டும்? நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம், கோயில், சந்தை, செத்த வீடு எல்லாம் சைக்கிளில் போய் வந்தவர்கள். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்று இருந்தது, அதை எடுத்தோம். நான் முன்னுக்கு, அவள் பின்னுக்கு. பழைய செங்கல் தளம், கடகடவென்று உலுப்பியது. ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் அகழிக்கு அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள். அவள் பின்னால் இருந்து சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தாள். அந்த நேரம் எனக்கு எல்லாவற்றையும் மறந்துவிடலாம் போல இருந்தது.

முகத்தைப் பார்க்காமல் கதைப்பது லேசு என்று நினைத்தேன். முன்னால் பார்த்தபடியே கேட்டேன்.

"எனக்கு ஏதும் சொல்லக் கிடக்கோ பிள்ளை?"

பின்னால் சிரிப்பு நின்றது. மதிலின் அடுத்த கோபுரம் கிட்ட வந்தது. "என்னத்தைச் சொல்ல? நீ முன்னுக்குப் பாத்து ஓடு" என்றாள். சொல்லுவாள், இன்னும் கொஞ்சத் தூரம் போனால் சொல்லுவாள் என்று நான் மிதித்தேன். சைக்கிள் திடீரென்று பாரமாகியது. எதிர்க்காற்று என்று முதலில் நினைத்தேன். காற்று இல்லை, அவள் மிதிப்பதை நிற்பாட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே மிதித்து அந்தச் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஊருக்கு வந்த பிறகு கதிர்காமம் எப்படி என்று அயலில் கேட்டார்கள். சில நாள் பொறுத்து, போனது சீனாவுக்கு என்று நானே சொல்லிவிட்டேன், எனக்கு அந்த மறைப்பெல்லாம் வெறுத்துப் போயிருந்தது. தங்கைக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பல்லுக் காட்ட என்று ஒரு தரம் கொழும்புக்குப் போய்வந்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்தது, போனில் முகத்தைக் காட்டினார்கள், நானும் வாயைக் குவித்துக் குவித்துக் கொஞ்சினேன். நான் எத்தனையோ வழி திறந்துவிட்டுப் பார்த்தேன். பச்சைப் பிள்ளையைத் தனியாக எப்படிச் சமாளிக்கிறாளோ என்பேன். கடவுள் பார்ப்பார் என்பாள். தாய் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பேன். பூனைக்குச் சோறு வைத்தாயா என்று கேட்பாள்.

பிறகு ஒரு நாள், கண் பார்வை மங்குகிறது, கொழும்பில் டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்றாள். இரண்டு நாளில் வந்துவிடுவாளாம். கண் காட்டப் போகிறவள் பெரிய பெட்டி இரண்டு அடுக்கினாள். கனடாவுக்குப் போகிற எவரும் எங்கள் ஊர்க் கறித்தூள் இல்லாமல் போவதில்லை. ஆனால் மல்லியும் மிளகாயும் வறுத்தால் அந்த மணம் ஒழுங்கை முழுக்கப் போய்ச் சொல்லிவிடும் என்று அவள் வறுக்கவில்லை. நான் வறுத்தேன். பட்டப்பகலில், சன்னல் எல்லாம் திறந்து வைத்துவிட்டு வறுத்தேன். ஆலையில் திரித்துக்கொண்டு வந்து, இரட்டைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, பின்னேரம் அவளுடைய அறைக்குள் கொண்டுபோனேன்.

"கொழும்பிலை நிக்கிற வீட்டாருக்குக் குடு" என்றேன். அவளுக்கு மரியாதையாக ஒரு வழி விட்டுக் கொடுத்தேன், அதையும் தாண்டி வந்து சொல்லட்டும் என்று.

அவள் பையை இரண்டு கையாலும் வாங்கினாள். மணந்து பார்த்தாள். பெட்டியைத் திறந்து, சேலைகளை விலக்கி, அடியில் அந்தத் தடித்த ஜக்கெற்றுக்குள் சுற்றி வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டது. இப்போது சொல்லப் போகிறாள் என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு நாளிலை வந்திடுவன் அக்கா" என்றாள்.

விடிய வாடகைக்குப் பிடித்த வான் வந்தது. எங்கள் ஆட்கள் பயணம் வெளிக்கிடும்போது முழுவியளம் பார்ப்பார்கள், படலையால் வெளியே போகையில் எதிரே வருகிறவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று. புருசன் பிள்ளைகளோடு வாழுகிற பெண் நிறைகுடத்தோடு வந்தால் பயணம் சரிவரும். கல்யாணம் கட்டாதவள் கண்ணில் படக்கூடாது. குசினிச் சன்னலால் பார்த்தேன். கற்பூரம் தந்துவிட்ட அதே பக்கத்து வீட்டுப் பெண், எட்டு மணிக்கு முதல் தலை சீவாதவள், தோய்ந்து குங்குமமும் பூவும் வைத்துக்கொண்டு குடத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். கதிர்காமம் என்று ஏமாற்றி நாங்கள் சேர்ந்து சிரித்த அவளுக்கே சொல்லியிருக்கிறார்கள்.

தங்கை கைப்பையோடு அறைக்கு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, கிணத்தடியிலை மோட்டர் ஓடுது போலை கிடக்கு. ஒருக்காப் போய் நிப்பாட்டிவிடன்."

மோட்டர் ஓடவில்லை. அது ஓடினால் எங்கள் வீட்டில் கதைக்கிற சத்தம் கேட்காது. அவளுக்கும் அது தெரியும். படலைவரைக்கும் கூடப் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், ஊர் பார்க்க நின்று அழலாம் என்றெல்லாம் நான் நினைத்து வைத்திருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு, நேரே போய்ப் படலைக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். ஆனால் அவள் விமானத்தில் ஏற வேண்டும், அங்கே சுகமாய் இறங்க வேண்டும், அந்தப் பச்சைப் பிள்ளையைத் தூக்க வேண்டும். என் கண்ணால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவள் அப்படி நம்பவில்லையே. பயந்துகொண்டு போகக் கூடாது என்று நினைத்தேன். "ஓம், நிப்பாட்டிவிடுறன்" என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்கு நடந்தேன்.

கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை. ஓடாத மோட்டரின் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வான் கதவு சாத்தியது, பின்னுக்கு எடுத்தது, ஒழுங்கையால் திரும்பியது எல்லாம் கேட்டது. சத்தம் முழுக்க அடங்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாளும் போய், மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, நான் வந்து சேர்ந்திட்டன்" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை.

"அண்டைக்கு மோட்டர் ஓடேல்லையடி" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை அழுகிறது, போய்த் தூக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.